சீட்டுக்கு அடியில் இருநூற்றுப் பதினேழு

கம்பளை பஸ் நிலையத்துக்குப் பின்னால், டயர் கடையை ஒட்டினாற்போல வீரய்யாவின் தகரக் கொட்டகை இருக்கிறது. பெயர்ப்பலகை கிடையாது. கண்ணாடியில் நம்பர் வெட்டுகிற ஆள் என்று கேட்டால் எவரும் கைநீட்டிக் காட்டுவார்கள். டவுனில் அரைமணி நேரம் வண்டியை நிறுத்திவிட்டு வந்தால் பக்கக் கண்ணாடிகள் கழன்று போயிருக்கும் காலம். அதனால் வண்டி வாங்கியவர்கள் முதலில் கோயிலுக்கோ பௌத்தப் பன்சலைக்கோ போகிறார்கள். அடுத்து வீரய்யாவிடம் வருகிறார்கள்.

ஐம்பத்தாறு வயது. அதிகம் பேசமாட்டார். வேலை நன்றாக இருக்கிறது என்று யாராவது சொன்னால், தன்னிடம் எதையோ கேட்க வருகிறார்கள் என்பதுபோலப் பார்ப்பார். கண்ணாடிகளில் வண்டியின் இலக்கத்தை அரிக்கும் மருந்து தடவி வெட்டுவது எல்லோருக்கும் தெரிந்த வேலை. அதற்குப் பிறகு அவர் செய்வது வேறொன்று. சாரதியின் சீட்டுக்கு அடியில், பெல்ட் பூட்டியிருக்கும் இரும்பின் உள்மடிப்பில், சேஸி இலக்கத்தின் கடைசி நான்கு எண்களை இரும்பு அச்சால் அடித்துவைப்பார். கண்ணுக்குத் தெரியாத இடம். கள்ளன் கண்ணாடியை மாற்றுவான், நம்பர் தகட்டை மாற்றுவான், நிறத்தை மாற்றுவான். அந்த மடிப்புக்குள் கைவிட அவனுக்குத் தோன்றாது. உரிமையாளரிடம்கூட அந்த இடத்தை வாயால் சொல்வதில்லை. அவருடைய சுட்டுவிரலைப் பிடித்துக் கொண்டுபோய் அந்த எண்களின் மேல் வைப்பார். "இதான். யார்ட்டயும் சொல்லாதீங்க" என்பார். அவ்வளவுதான்.

அந்தப் புதன்கிழமை காலையில் அலவத்துகொடயிலிருந்து இப்திகார் தன்னுடைய மோட்டார் ஹோமைக் கொண்டுவந்தார். உயரமான கூரை வைத்த பழைய வேன் ஒன்றை ஒரு வருடத்துக்கு முன் குருநாகல் பக்கத்தில் வாங்கி, பல்லேகலயில் ஒரு பட்டறையில் விட்டு, உள்ளே கட்டில், அடுப்பு, கை கழுவும் தொட்டி, சுருட்டி வைக்கும் மேசை எல்லாம் பூட்டியிருந்தார். வெள்ளிக்கிழமை வெளிநாட்டுத் தம்பதி ஒன்று அதை எடுத்துக்கொண்டு பத்து நாள் நாடு சுற்றப் போகிறது. முதல் ஓட்டம்.

"அண்ணன், ஊட்டயே தூக்கிட்டுப் போறவன் வந்தாலும் நாம புடிக்கோணும். அப்புடி அடயாளம் போட்டுத் தாங்க."

"கூரையிலயும் நம்பர் எழுதணும், நானா. ரெண்டடி உயரத்துக்கு." முஸ்லிம் அண்ணன்மாரை வீரய்யா அப்படித்தான் கூப்பிடுவார்.

"கூரையிலயா? என்னத்துக்கு? காக்கா வாசிக்கிறதுக்கா?"

"நம்ம ரோட்ட யோசிச்சுப் பாருங்க. மேல் வளைவில நிக்கிறவனுக்குக் கீழ போற வண்டியோட கூரைதான தெரியும்?"

இப்திகார் சிரித்தார். "நீங்க கள்ளனா பொறந்தீந்தா நாங்க எல்லாம் நடந்துதான் போகோணும்" என்று சொல்லிவிட்டு, பிற்பகல் வருவதாகக் கிளம்பினார்.

வீரய்யா ஏழு கண்ணாடிகளையும் வெட்டி முடித்தார். ஏணி வைத்துக் கூரையில் முதல் இரண்டு எழுத்துகளைக் கறுப்பில் எழுதினார். மழை தூறத் தொடங்கியதால் பெயின்ட் டப்பாவை மூடிவிட்டு இறங்கி, அச்சுகளையும் சுத்தியலையும் எடுத்துக்கொண்டு சாரதிப் பக்கக் கதவைத் திறந்தார். அடிப்பதற்கு முன் அந்த மடிப்பை விரலால் தடவிப் பார்ப்பது அவர் வழக்கம். வயர் ஏதாவது ஓடினால் தெரிந்துவிடும்.

விரல் நின்றது.

பெயின்டுக்குக் கீழே குழிகள் இருந்தன. முன்பு எப்போதோ வேறு யாருக்கோ தானே அடித்த வண்டியாக இருக்கும் என்று நினைத்தார். அப்படி இரண்டு மூன்று தடவை நடந்திருக்கிறது. பிறகு எண்ணினார். நான்கு இல்லை, மூன்று. மறுபடி தடவினார். நடுவில் இருந்த ஒன்று சாய்ந்திருந்தது.

சுரண்டி எடுத்துப் பார்க்க அவருக்குத் தேவையிருக்கவில்லை. ஆனாலும் ஒரு சிறு கண்ணாடித் துண்டையும் டோர்ச்சையும் கொண்டுவந்து, பெயின்டைச் சுரண்டிப் பார்த்தார். இருநூற்றுப் பதினேழு.

அது எந்த வண்டியின் இலக்கமும் அல்ல. அம்மா சுப்பம்மாவின் செக்ரோல் இலக்கம், தேயிலைத் தோட்டத்துப் பேரேட்டில் அவளுக்குக் கொடுத்த எண். முப்பத்தொரு வருடம் கொழுந்து நிறுக்கும் இடத்தில் கணக்கப்பிள்ளை அவளைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை, "இருநூத்திப் பதினேழு!" என்றுதான் கூப்பிட்டார். ஒன்பது வருடத்துக்கு முன் தம்பி இளங்கோ வேன் வாங்கியபோது, சேஸி இலக்கத்துக்குப் பதிலாக அதை அடிக்கலாம் என்று வீரய்யாவுக்குத்தான் தோன்றியது. டோர்ச் பிடித்தவன் இளங்கோ. "அம்மாவப் போயி சீட்டுக்கு அடியில ஒளிச்சு வக்கிறியே அண்ணே, எந்திரிச்சு ஏசப் போகுது" என்று சொல்லிச் சிரித்ததில் வெளிச்சம் ஆடியது. ஒன்று சாய்ந்துபோனது அப்படித்தான்.

ஏழு வருடத்துக்கு முன், கண்டி ஸ்டேஷனில் மூன்று பேரை ஏற்றிக்கொண்டு வாடகைக்கு ஒரு ஹயர் போன இளங்கோ திரும்பி வரவில்லை. வேனும் வரவில்லை. இரண்டு மாதத்தில் கதை வந்தது: வேனை விற்றுவிட்டுப் புத்தளம் பக்கம் ஒருத்தியோடு இருக்கிறானாம். தம்புள்ளை மரக்கறிச் சந்தையில் பார்த்ததாக ஒருவர் சொன்னார். தாடி வைத்திருந்தானாம். வீரய்யா நம்பினார். பொலிசில் முறைப்பாடு எழுதியபோதே, எவளோடோ ஓடிவிட்டானோ என்று அவருக்குப் பாதி சந்தேகம் இருந்தது; அதனால்தான் அந்த மறைவான எண்ணைப் பற்றிச் சொல்லவில்லை. வண்டியைப் பிடித்து, அதோடு தம்பியையும் இன்னொருத்தியையும் கூட்டிவந்து நிறுத்தினால் ஊர் சிரிக்கும் என்று பயந்தார். மூன்று வருடம் கழித்து அம்மா இறந்தாள். மரண அறிவித்தல் அச்சடிக்கக் கொடுத்தபோது, பிள்ளைகளின் பெயர் வரிசையில் இளங்கோவின் பெயரை அவர் கொடுக்கவில்லை.

தகரத்தில் மழை வலுத்தது. வீரய்யா வேனின் படியில் உட்கார்ந்தார். அப்போதுதான் மற்றது புரிந்தது.

இந்த எண் இங்கே இருப்பதை அறிந்தவர்கள் உலகத்தில் இரண்டே பேர். வேனை விற்றது இளங்கோவாக இருந்தால், ஓடிப்போகிறவன், அண்ணன் தேடுவான் என்று தெரிந்தவன், முதலில் இதைத்தான் அழித்திருப்பான். அழிக்கவில்லை. கண்ணாடிகளை மாற்றியிருக்கிறார்கள். சேஸி இலக்கம் இருந்த துண்டை வெட்டி வேறொன்றை ஒட்டியிருக்கிறார்கள். காலையில் அந்த வெல்டிங் தடத்தைப் பார்த்தும் பழைய வண்டிதானே என்று விட்டிருந்தார். அவ்வளவு கவனமாக வேலை செய்தவர்கள் இதை மட்டும் விட்டிருக்கிறார்கள். தெரியாததால் விட்டிருக்கிறார்கள். இளங்கோ அவர்களுக்குச் சொல்லவில்லை. அல்லது சொல்ல அவனுக்கு நேரம் இருக்கவில்லை.

திருடு போனால் கண்டுபிடிக்கவென்று அடித்த எண். கண்டுபிடித்துக் கொடுத்துவிட்டது. அது அழிந்திருந்தால் தம்பி உயிரோடு இருக்கிறான் என்று அர்த்தம்.

கிரைண்டர் கைக்கெட்டும் தூரத்தில் கிடந்தது. ஒரு நிமிட வேலை. அழித்துவிட்டு, அதன் மேல் இந்த வண்டியின் நான்கு எண்களை அடித்து, இப்திகாரின் விரலைப் பிடித்து வைத்துக் காட்டினால் முடிந்தது. இளங்கோ தொடர்ந்து எங்கேயோ தாடியோடு இருப்பான். பல்லேகலயில் தையல் ஃபெக்டரிக்குப் போகும் அவன் மனைவி கலாராணி, பஸ்ஸில் ஜன்னலோரமாக உட்கார்ந்து, எதிரே வரும் ஒவ்வொரு வெள்ளை வேனுக்குள்ளும் பார்த்துக்கொண்டே போவாள். கெட்டவனாக ஒரு புருஷன் அவளுக்கு மிஞ்சுவான். இல்லாமல் போவதைவிட அது மேல் இல்லையா? வீரய்யா பிளக்கைச் சொருகினார். கிரைண்டரை எடுத்து முழங்கால் போட்டு உட்கார்ந்து, இடது கையால் இடத்தைத் தேடினார். விரல் மறுபடி அந்தச் சாய்ந்த ஒன்றில் பட்டது. டோர்ச் வெளிச்சம் ஆடியது.

கிரைண்டரைக் கீழே வைத்தார். பிளக்கைக் கழற்றினார். நல்லவன் என்று தன்னைப் பற்றி அவர் நினைக்கவில்லை. கை வரவில்லை, அவ்வளவுதான்.

கலாராணிக்கு போன் எடுத்தார். "அரைநாள் லீவு போட்டுட்டு வாம்மா. வேனு கெடச்சிருக்கு" என்றார். மறுமுனையில் தையல் மெஷின்கள் இரைந்தன.

இப்திகார்தான் முதலில் வந்தார். வீரய்யா எல்லாவற்றையும் சொன்னார். இப்திகார் குடையை மடக்க மறந்து கொட்டகைக்குள் நின்றார்.

"இத நீங்க சொல்லாட்டி?"

"யாருக்கும் தெரிஞ்சிருக்காது, நானா."

"அப்ப ஏன் சொன்னீங்க? வெள்ளிக்கெழம ஆள் வருது அண்ணன். நான் காயிதம் எல்லாம் பாத்துத்தானே வாங்கின! உம்மா அந்தக் கட்டில்ல படுத்துப் பாத்துட்டு, தொட்டில் மாதிரி ஈக்கி மகன் என்டு சொன்னா."

இப்திகார் வேனைச் சுற்றி ஒரு தடவை நடந்தார். கூரையில் பாதியில் நின்ற எழுத்துகளிலிருந்து கறுப்புத் தண்ணீர் கண்ணாடி வழியாக இறங்கியிருந்தது. அதைக் கைக்குட்டையால் துடைத்தார், நிறுத்தினார்.

"வாங்க, பொலிசுக்குப் போவோம்" என்றார். "அவர்ட பொண்டாட்டி வரட்டும். தெரிஞ்ச பொறகு நான் இத வெச்சிக்கிட்டு எப்புடித் தூங்க?"

கலாராணி நனைந்து வந்தாள். ஃபெக்டரி அடையாள அட்டை இன்னும் கழுத்தில் தொங்கியது. வேனை அவளுக்கு அடையாளம் தெரியவில்லை. வெளியே நீலம், உள்ளே யாருடையதோ சமையலறை. "இதுவா?" என்று கேட்டாள்.

எத்தனையோ பேரின் விரலைப் பிடித்து வைத்துக் காட்டிய வீரய்யா, தம்பி மனைவியின் கையைத் தொட முடியாமல் நின்றார். முதல் தடவையாக அந்த இடத்தை வாயால் சொன்னார். "சீட்டுக்குக் கீழ, பெல்ட்டு இரும்பு... இன்னும் உள்ள... திரும்புற எடத்தில." அவள் படியில் முழங்காலிட்டுக் கையை விட்டாள். தேடினாள். பிறகு அவள் தோள் அசையாமல் நின்றது.

"அத்தான், இது இருந்தது அவருக்குத் தெரியும்தானே?"

"அவன்தான் லைட் புடிச்சான்."

"அப்படீன்னா விக்கிறப்ப ஏன் அழிக்கல?"

வீரய்யா தரையில் கிடந்த கிரைண்டரை ஓரமாகத் தள்ளினார்.

"மறந்திருப்பாரு" என்றாள் கலாராணி அவசரமாக. "அவருக்கு மறதி கூடத்தான? கல்யாணத்துக்கு வாங்கின செருப்பையே கடையில விட்டுட்டு வந்தாரே."

ஆமாம் என்று சொல்லிவிடலாம். இப்திகார்கூட அதைச் சொல்லும்படி கேட்பதுபோலப் பார்த்தார்.

"இல்லம்மா, கலா" என்றார் வீரய்யா. "ஒவ்வொரு சரஸ்வதி பூசைக்கும் அவன் அந்த எடத்திலதான் சந்தனம் வப்பான். மறக்க மாட்டான்."

அவள் கையை வெளியே எடுக்கவில்லை. நெற்றியைச் சீட்டின் விளிம்பில் வைத்துக்கொண்டாள்.

"அப்ப அவரு எங்கயும் ஓடல்ல" என்றாள். சற்றுப் பொறுத்து, "அம்மாவோட நோட்டீஸ்ல அவரு பேர வேணாம்னுட்டீங்களே அத்தான்" என்றாள். குரலில் கோபம் இல்லை. இருந்திருக்கலாம் என்று அவருக்குத் தோன்றியது.

பொலிசில் தமிழ் தெரிந்த ஒரு கான்ஸ்டபிள் பழைய முறைப்பாட்டைத் தேடி எடுத்து, புதிதாக ஒரு பக்கத்தைத் திறந்தார். வண்டியின் அடையாளங்களைக் கேட்டார். வீரய்யா ஒவ்வொன்றாகச் சொன்னார்: மாற்றிய கண்ணாடிகள், வெல்டிங் தடம், உள்மடிப்பில் மூன்று எண்கள், அதில் நடு எண் சாய்வு.

"காணாமப் போன ஆளுக்கு?" கான்ஸ்டபிள் பழைய தாளைப் பார்த்தார். "இதில அடயாளம் ஒண்டும் இல்லன்னு எழுதியிருக்கு. நீங்க சொன்னதுதானே?"

அன்றைக்கு வந்தவர் வீரய்யா மட்டும்தான். பொம்பளை எதற்கு என்று கலாராணியை வீட்டில் விட்டு வந்திருந்தார்.

"இருக்கு" என்றாள் இன்று கூட வந்திருந்த அவள். "எடது காது மடல்ல ஒரு சின்ன வெட்டு, பொறந்ததில இருந்தே. வலது குதிகால்ல தழும்பு. சின்ன வயசில தேயிலை வெட்டுற கவ்வாத்துக் கத்தி விழுந்தது."

அந்தக் கத்தி வீரய்யாவின் கையிலிருந்துதான் விழுந்தது. இரத்தம் வழியத் தம்பியைத் தூக்கிக்கொண்டு டிஸ்பென்சரிவரை ஓடியவரும் அவர்தான். ஏழு வருடத்துக்கு முன் இதே மேசையில், ஒன்றும் இல்லை என்று சொல்லியிருந்தார்.

"முன்பல்லு ஒண்ணு ஒடஞ்சது. அதால சிரிக்கிறப்ப வாயப் பொத்திக்குவாரு. தூக்கத்தில பல்லக் கடிப்பாரு."

"அதெல்லாம் எழுதத் தேவல்ல, அக்கா."

கலாராணி மேசையின் மேல் கையை வைத்தாள். சுட்டுவிரல் நுனியில் நீலப் பெயின்டின் செதில் ஒன்று ஒட்டியிருந்தது.

"எழுதுங்க" என்றாள்.