மூன்று கடிதம் வந்த டீசல் கார்

"இப்ப பாதி விடு. பாதி. அங்கேயே நிறுத்து. எண்ணூத்திப் பத்து… எழுநூத்தித் தொண்ணூறு… விடு, விடு."

"எதை விடச் சொல்றே? கிளட்ச்சையா, மூச்சையா? ரெண்டையும் பிடிச்சுக்கிட்டு உக்காந்திருக்கேன்."

ஞாயிற்றுக்கிழமை, காலை ஏழரை மணி. பூட்டிக் கிடந்த ஒரு கிடங்கின் பின்புறம், லாரிகள் சரக்கு இறக்கும் சரிவு. ஸ்டீயரிங்கில் அம்மா. பக்கத்து இருக்கையில் மகள், மடியில் லேப்டாப். லேப்டாப்பிலிருந்து ஒரு வயர் டாஷ்போர்டுக்கு அடியில் போய்ச் சொருகியிருந்தது. எஞ்சின் நிமிடத்துக்கு எத்தனை சுற்று சுற்றுகிறது என்ற எண் திரையில் ஓடியது. ஆக்ஸிலேட்டரைத் தொடாமல், கிளட்ச்சை மட்டும் விட்டு, கார் அந்தச் சரிவில் ஏறுகிறதா என்று அளக்கிறார்கள். பன்னிரண்டு அளவு எடுத்தார்கள். ஒன்பதாவது முறை கார் ஏறியது, லேப்டாப் நின்றுவிட்டது. அதனால் அந்த ஒன்றுக்காகக் காரை மறுபடியும் ஏற்ற வேண்டியிருந்தது.

"இருபத்தாறு வருஷமா கிளட்ச் விடறேன். ஒருத்தரும் எழுதி வச்சுக்கிட்டதில்ல" என்றாள் அம்மா. "இன்னிக்குத்தான் என் காலுக்குச் சரித்திரம் எழுதறாங்க."

"பேசாதேம்மா. பேசினா கால் ஆடுது."

அம்மாவும் மகளும் சேர்ந்து செய்த கடைசி வேலை அது. தெரிந்திருந்தால் மகள் லேப்டாப்பை மூடி வைத்துவிட்டு அம்மாவிடம் நாலு வார்த்தை பேசியிருப்பாள் என்று சொல்ல ஆசைதான். பேசியிருக்க மாட்டாள். பதின்மூன்றாவது அளவு எடுத்திருப்பாள்.

எல்லாம் ஒரு கடிதத்தால் வந்தது. காரைச் செய்த கம்பெனி அனுப்பிய கடிதம். சோதனைக்கூடத்தில் நல்ல பிள்ளையாக நடந்துகொண்ட இந்த டீசல் எஞ்சின், சாலைக்கு வந்ததும் அனுமதித்த அளவைப்போல் பல மடங்கு நைட்ரஜன் ஆக்சைடை வெளியே விடுகிறதாம். காரைக் கொண்டுவந்தால் எஞ்சினை ஆளும் மென்பொருளை மாற்றித் தருவார்களாம். இரண்டு மணி நேர வேலை. இதற்கு ரீகால் என்று பெயர். கடைசியில் வருத்தம் தெரிவித்து ஒரு வரி, அதன் கீழே ஒரு பெரிய அதிகாரியின் கையெழுத்து. அம்மா கையெழுத்தைத்தான் நெடுநேரம் பார்த்தாள்.

"தப்பு பண்ணினவங்க கையெழுத்து எவ்வளவு அழகா இருக்கு பாரு."

அதன்பின் இரண்டாவது கடிதம் வந்தது, மூன்றாவதும் வந்தது. பதினொரு மாதம் ஓடிவிட்டது. கார் போகவில்லை. காரணம் கம்பெனி அல்ல, மகள்.

அம்மா கார் ஓட்டக் கற்றுத் தருபவள். ஒரே கார், ஒரே ஆசிரியை, அதுதான் மொத்தப் பள்ளியும். கற்பவர் பக்கம் மூன்று மிதிகள் என்றால் அவள் பக்கம் இரண்டு: ஒரு கிளட்ச், ஒரு பிரேக். ஊரில் அவளுக்குப் பெயர் பிரேக் டீச்சர். பிரேக் மிதிக்கும் அந்த வலது கால் காரை விட்டு இறங்கியும் ஓயாது. நடந்து போகும்போது எதிரே யாராவது அவசரமாக வந்தால் தரையை ஒரு மிதி மிதிப்பாள். வீட்டில் மகள் போனில் யாரிடமாவது குரலை உயர்த்தினால் சாப்பாட்டு மேசைக்கு அடியில் கால் அழுந்தும். அழுந்தியதைப் பார்த்துவிட்டால் மகளுக்கு இன்னும் கோபம் வரும்.

அவளிடம் வருகிறவர்கள் பெரும்பாலும் பயந்தவர்கள். விபத்தைப் பார்த்தவர்கள், ஐம்பது வயது தாண்டியவர்கள், வேறு இடத்தில் கற்று அழுதுகொண்டே திரும்பியவர்கள். அவர்களுக்கு அவள் வைத்திருந்த மருந்து ஒன்றுதான். முதல் வாரம் ஆக்ஸிலேட்டரைத் தொடக் கூடாது. "அது பாம்பு. தூங்குது. மிதிக்காதீங்க" என்பாள். இடது காலால் கிளட்ச்சை மயிரிழை மயிரிழையாக விட்டால் டீசல் எஞ்சின் தானே காரை இழுத்துக்கொண்டு நகரும். "வண்டிக்கு நடக்கத் தெரியும். நீங்க குறுக்க விழாம இருந்தா போதும்." கால்மணி நேரத்தில் பயந்தவர் முகத்தில் ஒரு சிரிப்பு வரும். அந்தச் சிரிப்புக்காகத்தான் அவள் பெட்ரோல் காரே வாங்கவில்லை.

இன்னொரு வழக்கமும் உண்டு. பின்னால் எடுத்து நிறுத்தக் கற்றுத்தரும் நாளில் காரை விட்டு இறங்கி, கார் எங்கே நிற்க வேண்டுமோ அங்கே போய் நின்றுகொள்வாள். "பின்னாடி ஆள் இருக்குன்னாதான் காலுக்குப் புத்தி வரும்." கார் அவள் முழங்காலை நோக்கி ஊர்ந்து வரும். புகைக் குழாயும் அதே உயரத்தில்தான்.

ஆக, சிக்கல் இதுதான். புது மென்பொருள் போட்டால், புகையில் ஒரு பங்கைத் திரும்ப எஞ்சினுக்குள்ளேயே அனுப்பிவிடும். வெளியே வரும் விஷம் குறையும். ஆனால் மெதுவான ஓட்டத்தில் இழுவை குறையலாம். இழுவை குறைந்தால் பயந்தவர்களின் காலில் கார் அணைந்து அணைந்து போகும். அம்மாவின் பாடம் அதோடு சரி. போடாவிட்டால், முழங்காலுக்கு நேரே அந்தக் குழாய்.

கீழ்வீட்டு மெக்கானிக் யோசிக்கவே இல்லை. "போடாதீங்கக்கா. போட்டா வண்டி செத்த பாம்பு."

அம்மா மகளைப் பார்த்தாள். "நீ என்னடி சொல்றே?"

கேட்டதில் தப்பில்லை. மகள் வேறொரு கம்பெனியின் எஞ்சின் தொழிற்சாலையில் பொறியாளர். எஞ்சின் எந்த நொடியில் எவ்வளவு டீசல் குடிக்க வேண்டும், எவ்வளவு புகையைத் திரும்ப விழுங்க வேண்டும் என்று எண்களை நிரப்புவதுதான் அவள் பிழைப்பு. உலகத்தில் இந்தக் கேள்விக்குப் பதில் சொல்லத் தகுந்த சில ஆயிரம் பேரில் ஒருத்தி அம்மாவின் சமையலறையில் உட்கார்ந்திருந்தாள். வாத்தியார் பிள்ளை மக்கு என்பார்கள். ஓட்டுநர் பரீட்சையில் இரண்டு முறை தோற்று, மூன்றாவதில் தேறி, அந்தப் பழமொழிக்கு ஏற்கெனவே மரியாதை செய்தவள் அவள்.

"அவர் சொல்றது அபிப்பிராயம். எனக்கு டேட்டா வேணும்" என்றாள்.

ஓர் அட்டவணை தொடங்கினாள். முதல் மாதம் ஆறு பத்தி. ஆறாம் மாதம் பதினொன்று. கிளட்ச் தேய்மானம், வெயில், மழை, கற்பவரின் எடை என்று பெருகிப் பதினேழில் வந்து நின்றது.

"ஒண்ணே ஒண்ணு மட்டும் சொல்லு" என்று அம்மா கேட்டிருந்தாள். முதல் கடிதம் வந்த அன்றே கேட்டாள். "பின்னாடி நிக்கிறது நான். எனக்கு எவ்வளவு வருது?"

"அளந்துதாம்மா சொல்ல முடியும். கருவி ஆபீஸ்ல இருக்கு. வரிசையில பேர் குடுத்திருக்கேன்."

"எத்தனாவது பேர்?"

"ஒன்பது."

"பரவாயில்ல, சீக்கிரம் கூப்பிட்டுடுவாங்க" என்றாள் அம்மா. மருத்துவமனை டோக்கனைப் பற்றிப் பேசுவது போல இருந்தது.

"அங்கே நிற்காதே அம்மா" என்று சொல்ல எந்தக் கருவியும் வேண்டாம். மூன்று சொல். மகள் சொல்லவில்லை. அரைகுறைப் பதில் சொல்வது அவள் தொழிலுக்கு அழகல்ல.

சரிவில் கார் ஏற்றிய பதினொன்றாம் நாள், பகல் சாப்பாடு முடிந்து, மூக்குக்கண்ணாடியோடு மேசையில் உட்கார்ந்தபடி அம்மா இறந்தாள். இதயம். மகள் மருத்துவரிடம் கேட்டாள்.

"டீசல் புகைக்கும் இதுக்கும் சம்பந்தம் இருக்குமா?"

"அடைப்பு ரொம்ப நாளா இருந்திருக்கு. வயசு, பரம்பரை, எத்தனையோ இருக்கு. இதுதான் காரணம்னு ஒண்ணைக் காட்ட முடியாது."

"சதவீதமா சொன்னா?"

மருத்துவர் பேனாவை மூடினார். "நீங்க என்ன வேலை பாக்கறீங்க?"

"எஞ்சினியர்."

"தெரியுது" என்றார். குரலில் கோபம் இல்லை.

அடுத்த வாரம் அம்மாவின் போனுக்கு ஒரு செய்தி வந்தது. ரீகால் பணிக்கு வியாழன் காலை பத்து மணிக்குக் காரைக் கொண்டுவரவும். கம்பெனி எல்லோருக்கும் அனுப்புவதாக்கும் என்று மகள் நினைத்தாள். அதற்குள் அவள் ஒரு முடிவுக்கு வந்திருந்தாள். மென்பொருளை மாற்றப்போவதில்லை. அட்டவணையில் பதினெட்டாவதாக ஒரு பத்தி சேர்த்தாள். அதற்குத் தலைப்பு வைக்கவில்லை. வைத்தால், அம்மாவின் கால் பழகிய எஞ்சின் இது, இதன் எண்களில் எவனும் கை வைக்கக் கூடாது என்று எழுத வேண்டியிருக்கும். என் காருக்கு உயிர் இருக்கிறது என்று எழுதும் வாடிக்கையாளர்களின் கடிதங்களை அலுவலகத்தில் உரக்கப் படித்துச் சிரிப்பவள் அவள்.

தினமும் காலையில் கீழே போய்க் காரில் உட்கார்ந்தாள். ஆக்ஸிலேட்டர் தொடாமல் ஒரு முழம் முன்னே, ஒரு முழம் பின்னே. பத்துக்கு ஆறு முறை அணைந்தது. மெக்கானிக் பல் தேய்த்துக்கொண்டே பார்த்தார்.

"பிரேக் டீச்சர் பொண்ணுன்னு வெளிய சொல்லிடாதீங்க" என்றார்.

செவ்வாய்க்கிழமை தையல்காரர் வந்தார். ஐம்பத்திரண்டு வயது. அம்மாவிடம் ஒன்றரை வருடமாகக் கற்றவர், பரீட்சையில் மூன்று முறை தோற்றவர். காருக்குப் பக்கத்தில் கைகட்டி நின்றார்.

"சனிக்கிழமை டெஸ்ட்டுமா. வண்டி கிடைக்குமான்னு கேக்க வந்தேன். கேக்கிற நேரமா இதுன்னு என் வீட்டுக்காரி திட்டித்தான் அனுப்பினா."

"எடுத்துக்கோங்க."

"வியாழக்கிழமை ரீகால் முடிஞ்சு வந்துடும் இல்ல?"

"ரீகாலா? அது போடறதா இல்லையான்னு அம்மா இன்னும் முடிவு பண்ணலையே."

தையல்காரர் கைக்கட்டை அவிழ்த்தார். பிறகு ஒரு தையலைப் பிரிப்பவர் போலப் பதமாகச் சொன்னார். "டீச்சர்தாம்மா போன் பண்ணி நாள் வாங்கினாங்க. நான் பக்கத்துல இருந்தேன். அதுக்கு முன்னாடி என் மச்சான் வண்டியை ஓட்டிப் பாத்தாங்க. இதே மாடல் வண்டி, ரீகால் போட்டது. ரெண்டு தடவை ஆஃப் ஆச்சு. மூணாவது தடவை நகந்தது. 'கொஞ்சம் சோம்பேறி, ஆனா நடக்குது'ன்னாங்க. கிளட்ச்சைப் பாதியில நிறுத்தி இன்னும் கொஞ்சம் பொறுக்கணுமாம். அன்னிலேருந்து எனக்கு அப்படித்தான் சொல்லிக் குடுத்தாங்க."

"எப்ப நடந்தது இது?"

"ரெண்டு மாசம் இருக்கும்."

இரண்டு மாதம். சரிவில் கார் ஏற்றி இன்னும் மூன்று வாரம்கூட ஆகவில்லை.

"அப்ப என்னோட வந்து ஏன் பன்னிரண்டு தடவை…"

"அதையும் கேட்டேம்மா." தையல்காரர் சிரிக்கலாமா என்று அவள் முகத்தைப் பார்த்தார். "'அளக்கட்டும். அளக்கலைன்னா ஞாயித்துக்கிழமை அவ படுக்கையை விட்டு எந்திரிக்கவே மாட்டா'ன்னாங்க."

மகள் காரின் மேல் சாய்ந்தாள். கேட்க இன்னொன்று இருந்தது. "பின்னாடி நிப்பாங்களே, ரிவர்ஸ் எடுக்கும்போது…"

"அதை எப்பவோ விட்டாச்சு. முதல் கடிதாசி வந்த மறுநாளே. ஒரு பிளாஸ்டிக் கூம்பை நிக்க வச்சாங்க. 'பொண்ணு கருவிக்கு வரிசையில நிக்கிறா, அதுவரைக்கும் இது நிக்கட்டும்'னு. நான் மூணு கூம்பை ஏத்திட்டேன். டீச்சரா இருந்திருந்தா ஏத்தியிருக்க மாட்டேன்."

மகளுக்கு முதலில் வந்தது நிம்மதி. அது உள்ளே வந்து உட்காரும் முன்பே அவமானமும் வந்துவிட்டது. பதினொரு மாதமாக அம்மா தன் பதிலுக்குக் காத்திருக்கிறாள் என்று நினைத்துக்கொண்டிருந்தாள். காத்திருந்தது அட்டவணை மட்டும்தான். அன்று மாலை அதைத் திறந்து பதினெட்டாவது பத்தியை அழித்தாள். மற்ற பதினேழையும் அழித்திருக்கலாம். மனசு வரவில்லை. உழைப்பு.

வியாழக்கிழமை காரை அவளே ஓட்டிக்கொண்டு போனாள். வழியில் நான்கு முறை அணைந்தது. ஒர்க்‌ஷாப் கவுண்டரில் இருந்தவர் கணினியைப் பார்த்துப் பெயரைப் படித்தார்.

"அவங்க இறந்துட்டாங்க. நான் பொண்ணு" என்றாள்.

அவர் எழுந்து நின்றார். நாற்காலியை அவள் பக்கம் நகர்த்தினார். வேலை தொடங்கியது. இரண்டு மணி நேரம் என்றார்கள், ஒன்றே முக்காலில் முடிந்தது. கார் வெளியே வந்ததும் அவர் ஓர் அட்டையை நீட்டினார். செய்த வேலைகளுக்கு நேரே வரிசையாக டிக். கடைசிக் கட்டம் மட்டும் காலி. அதன் எதிரே, அம்மா போனில் சொன்னதை யாரோ அப்படியே தட்டச்சு செய்திருந்தார்கள்: உரிமையாளர் முதல் கியரில், ஆக்ஸிலேட்டர் இல்லாமல் ஓட்டிப் பார்த்துத் திருப்தியான பிறகே வண்டியை எடுத்துக்கொள்வார்.

"நீங்க பாத்துடுங்க மேடம். சரியா இருந்தா ஒரு டிக். கார்டை மூடிடலாம்."

அவள் உட்கார்ந்தாள். கிளட்ச்சைப் பாதி விட்டு நிறுத்தினாள். பொறுத்தாள். கார் நகர்ந்தது. கார் கழுவும் இடத்திலிருந்து கேட் வரைக்கும் போனது, அணையவில்லை. முன்னைவிடச் சோம்பேறியா என்று அவளால் சொல்ல முடியவில்லை. லேப்டாப் பையில்தான் இருந்தது, வயரும் இருந்தது. சொருகினால் பழைய பன்னிரண்டு அளவுகளோடு ஒப்பிட்டு, புள்ளிக்குப் பின் இரண்டு இலக்கம் வரை சொல்லிவிடலாம். பயந்த ஒருத்தர் காலுக்கு இது போதுமா என்பதை அதில் பார்க்க முடியாது.

"ஓகேயா மேடம்?"

"வண்டி ஓகே. அந்தக் கட்டத்தை விட்டுடுங்க."

"அதை நிரப்பலைன்னா கார்டு மூடாது மேடம். தொறந்தே இருக்கும்."

"இருக்கட்டும்."

சனிக்கிழமை தையல்காரர் தேர்ச்சி பெற்றார். ஒருமுறைகூட அணையவில்லையாம். இப்போதும் திங்கள்கிழமைதோறும் அம்மாவின் போனுக்கு ஒரு செய்தி வருகிறது. ரீகால் பணி முடிந்தது, உரிமையாளரின் சோதனை ஓட்டம் மட்டும் நிலுவையில் உள்ளது, வசதியான ஒரு நாளில் வரவும்.