காயாத வயல்

பூதலூர் பக்கம் ஒரு கிராமத்துக்கு நான் வரைந்து கொடுத்த சமுதாயக்கூடத்தை இன்று போய்ப் பார்த்தேன்.

வயல்களுக்கு நடுவில் கட்டடம். மழைத்தண்ணீர் அடியில் ஓடி வடியட்டும் என்று தூண்கள்மேல் நிறுத்தியிருந்தேன். மேடைக்குப் பின்னால் வயல் தெரிய ஒரு பெரிய ஜன்னல்.

தூண்களுக்கு இடையில் கிராவல் கொட்டிச் சுவர் எழுப்பிவிட்டார்கள். ஜன்னலையும் செங்கல் வைத்து அடைத்தாயிற்று.

"ஏங்க இப்படி?" என்றேன் கமிட்டித் தலைவரிடம்.

"காவல் பரண் மேலயா கல்யாணம் பண்றீங்கன்னு சம்பந்தி வீட்டுல கேலி பண்றாங்க சார். ஏசி வேற போட்டாச்சு. ஆனா நீங்க ஆசைப்பட்ட வயலுக்கு ஒரு கொறையும் வைக்கல, உள்ள வாங்க."

அடைத்த சுவர் முழுக்கப் பச்சை வயல் பிளெக்ஸ்.

"கோடையிலயும் காயாது சார்."

வெளியே வந்து சுவருக்கு அந்தப் பக்கம் பார்த்தேன். தண்ணீர் வடிய வழியில்லாமல் சம்பாப் பயிர் மூழ்கி அழுகிக்கொண்டிருந்தது.

"அதுல என்னோடதும் இருக்குங்க. இந்த வருஷம் மழை கொஞ்சம் ஜாஸ்தி" என்றார் தலைவர்.

பிறகு எல்லோரையும் பிளெக்ஸ் வயலுக்கு முன்னால் நிறுத்திப் படம் எடுத்தார்கள். கீழே போட்டிருக்கும் அந்தப் படத்தில் நடுவில் பல்லைக் காட்டிக்கொண்டு நிற்பது நான்தான்.

'இயற்கையோடு இணைந்த கட்டடம், வாழ்த்துகள்' என்று கமெண்ட் போடுகிறவர்கள் போட்டுவிடுங்கள். இன்றைக்கு எதையும் மறுக்கத் தெம்பில்லை.