கள்ளத்தோணியில் வந்த மேளம்

காலை எட்டு மணி, ஆறு மொட்டைக் கடிதங்கள், ஆறின் அடியிலும் ஒரே பெயர்: ‘பொதுநல விரும்பி’. யாழ்ப்பாணத்தில் பத்திரிகை நிருபர் வேலை என்பது பாதி செய்தி தேடுவது, மீதி அயலவர்கள் ஒருவரையொருவர் காட்டிக்கொடுக்கும் தபாலைப் பிரிப்பது. இந்தத் தொழிலில் கிடந்து உழன்றவர்களுக்கு விளக்கம் தேவையில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன்.

இலங்கைக்குச் சுதந்திரம் கிடைத்த அடுத்த வருடம் அது. இந்தியாவிலிருந்து வருகிறவர் மண்டபத்து முகாமில் சோதனை முடித்து, அனுமதிச் சீட்டோடு தலைமன்னாரில் இறங்க வேண்டும். வேதாரணியப் பக்கத்தில் வள்ளமேறி வடமராட்சிக் கரையில் குதித்தால் அவர் கள்ளத்தோணி. கொழும்பில் மந்திரிமார் இதைப்பற்றி முழங்கினார்கள். என் பகுதியான கோப்பாய், நீர்வேலி, புத்தூரில் பொதுநல விரும்பிகள் எழுதினார்கள்.

விலை கேளாதவன்

நீர்வேலிச் சந்தியில் ஒரு கள்ளத்தோணியைப் பிடித்து வைத்திருப்பதாகச் செய்தி வந்தது. சைக்கிளை மிதித்துக்கொண்டு போனேன். கதலிக்குலைகளுக்கு நடுவே ஓர் இளைஞன் வியர்த்துப்போய் நின்றான். சுற்றிவர இருபது பேர். கோப்பாயில் ஆசிரியப் பயிற்சிக்கு வந்த மட்டக்களப்புப் பையன் அவன். பயிற்சிக் கலாசாலையிலிருந்து ஒருவர் வந்து அடையாளம் சொன்ன பிறகுதான் விட்டார்கள்.

பிடித்தவர் வாழைத் தோட்டக்காரர் செல்லத்துரை. உரத்த குரல், பெரிய மீசை. எதை வைத்து அண்ணை சந்தேகப்பட்டனீங்கள் என்று கேட்டேன். அவருக்கு இன்னும் சந்தேகம் தீரவில்லை.

“ஒரு சீப்பு எடுத்தான், சொன்ன விலையைத் தந்திட்டு நடந்தான். எங்கடை ஆள் எண்டால் அப்பிடிச் செய்வானே?”

கப்பலில் போனவர்

புத்தூர் வாசிகசாலையில் கள்ளக்குடியேற்ற எதிர்ப்புக் கூட்டம். தலைமை கந்தப்பர். மலாயாவில் இருபத்தெட்டு வருடம் ரயில்வேயில் உத்தியோகம் பார்த்து, பென்சனோடு திரும்பியவர். கோட்டுப் போடாமல் வெளிக்கிட மாட்டார். கரை முழுக்கப் பொலிஸ் போட வேண்டும், வருகிறவனை அதே வள்ளத்தில் திருப்ப வேண்டும், மறைத்து வைத்திருப்பவனையும் மறியலுக்கு அனுப்பிச் சிறையில் பூட்ட வேண்டும் என்று மேசையில் குத்திக் குத்திப் பேசினார். கடைசிக் கோரிக்கைக்குத்தான் கைதட்டல் அதிகம். தட்டிய ஒவ்வொருவரும் பக்கத்தில் இருந்தவரை ஒருமுறை பார்த்துக்கொண்டார்.

பின்வரிசை வாங்கிலிருந்து செல்லத்துரை எழும்பினார். இவர் கந்தப்பருக்கு நிரந்தர எதிர்க்கட்சி. பிள்ளையார் கோயிலில் ஆறாம் திருவிழா செல்லத்துரையின் உபயம், ஏழாம் திருவிழா கந்தப்பரின் உபயம். வருடாவருடம் யாருடைய மேளம் திறம் என்பதில்தான் இருவருக்கும் போர்.

“ஐயா மலாயாவுக்குப் பிழைக்கப் போகேக்கை அந்தச் சனம் இப்பிடிக் கூட்டம் வைக்கேல்லையோ?” என்றார் செல்லத்துரை.

கந்தப்பர் கோட்டை இழுத்துவிட்டுக்கொண்டார்.

“நான் கப்பலிலை போனனான். அதுவும் இரண்டாம் வகுப்பிலை.”

கொட்டை எழுத்து

இரண்டு வாரம் கழித்துக் கந்தப்பர் எங்கள் பத்திரிகை அச்சகத்துக்கு வந்தார், திருவிழா விளம்பரத்தோடு. எங்கள் பக்கத்தில் திருவிழாவை விட விளம்பரம் முந்திப் புறப்பட்டுவிடும். அதில் ‘இந்தியப் பிரபல நாதஸ்வர வித்துவான்’ என்று ஒரு வரி இல்லாவிட்டால் உபயகாரர் ஊருக்குள் தலைகாட்ட முடியாது. தவிலும் ஒத்தும் உள்ளூராக இருக்கலாம். நாதஸ்வரம் கடல் தாண்டி வந்திருக்க வேண்டும்.

அந்த வருடம் இந்திய மேளகாரர் பலருக்கு அனுமதிச் சீட்டு வரவில்லை. செல்லத்துரை உள்ளூர் அளவெட்டி மேளத்தோடு அடங்கிவிட்டார். கந்தப்பரின் தாளில் மட்டும் அந்த வரி இருந்தது. “உங்கடை ஆளுக்குச் சீட்டு வந்திட்டுதோ?” என்று கேட்டேன். கதவை ஒருமுறை திரும்பிப் பார்த்தார். “ஆள் வந்திட்டார்” என்றார்.

அப்படியானால் இந்தியா என்ற சொல்லை விட்டுவிடலாமே என்றேன். மனிசனுக்கு முகம் கறுத்துவிட்டது.

“விசர்க்கதை கதையாதையும்! அதை விட்டால் செல்லத்துரை உள்ளூர் மேளமெண்டு சொல்லிப்போடுவான். ஆளின்ரை பேரை வேணுமெண்டால் எடும், இந்தியாவைக் கொட்டை எழுத்திலை போடும்.”

ஊதாத நாயனம்

விளம்பரத்தின் அச்சுப்படியைக் காட்டப் போனபோது கந்தப்பர் வீட்டில் அந்த ஆளைப் பார்த்தேன். பெயர் சுந்தரம், தஞ்சாவூர்ப் பக்கம், நாற்பது வயதிருக்கும். புகையிலை உலர்த்தும் போறணைக்குப் பின்னாலிருந்த அறையில், துணி சுற்றிய நாயனத்தை மடியில் வைத்துக்கொண்டிருந்தார். என்னைக் கண்டதும் எழுந்து சுவரோடு ஒட்டினார். பொலிஸ் இல்லை, பத்திரிகை என்று சொன்னேன். அதைக் கேட்டு இன்னும் ஒட்டினார்.

எட்டு வருடமாகச் சீட்டோடு, ரயிலிலும் கப்பலிலும் முறையாக வந்துபோனவர். ஆனி, ஆடியில் இங்கே வாசித்தால்தான் ஐப்பசி வரை அவர் வீட்டில் அடுப்பு எரியும். பிடிபட்டால் மறியல் மட்டுமல்ல, பெயரைப் பதிந்துகொள்வார்கள். பிறகு எந்த வருடமும் சீட்டுக் கிடையாது. வள்ளத்தால் இறங்கிய நாளிலிருந்து சாதகம் பண்ணவில்லையாம். அயலில் யாருக்காவது கேட்டால் பொலிசுக்குப் பெட்டிசம் போய்விடுமென்று கந்தப்பர் ஊத விடவில்லை. கதவடியில் நின்று அவரும் என்னைச் சந்தேகத்தோடுதான் பார்த்தார்.

சுந்தரம் துணியை ஒருமுறை இறுக்கிக் கட்டினார்.

“வாசிச்சா பிடிச்சுடுவாங்கங்கிறாரு. வாசிக்காம இருக்கவா கடல் தாண்டி வந்தேன், சொல்லுங்க?”

பிள்ளையார் உள்ளே போகாத பின்னேரம்

ஏழாம் திருவிழா. பொழுதுபடச் சுவாமி வெளிவீதிக்கு வந்தது. சுந்தரம் நாயனத்தை வாயில் வைத்ததும், அத்தனை நாள் அடக்கி வைத்திருந்த மூச்சு முழுவதும் தோடியாக வெளியே வந்தது. சனம் பேச்சை நிறுத்தியது. அப்போதுதான் பொலிஸ் சார்ஜன் ராசையாவைக் கண்டேன். வேட்டியும் வெறும் மேலுமாய், திருநீறு பூசிக்கொண்டு, மேளத்துக்கு நேரே நின்றார். தெற்கு வீதியில் இரண்டு பொலிஸ்காரர். சுந்தரமும் கண்டார். ஒரு கணம் அவருடைய விரல்கள் நின்றன. பிறகு வாசித்தார்.

சுவாமி வீதியில் நிற்கும்போது மேளம் நிற்கக்கூடாது. இருப்பிடம் போனால்தான் மேளகாரரைத் தொடலாம். அது ராசையாவுக்கும் தெரியும், சனத்துக்கும் தெரியும். யாரும் யாரோடும் பேசி முடிவெடுத்ததாக நான் காணவில்லை. ஆனால் மேற்கு மூலையில் சுவாமி நின்றது. இன்னொரு இராகம் கேட்டார்கள். வடக்கு மூலையில் சுவாமியை இறக்கித் தோள் மாற்றினார்கள். அங்கே சுவாமி தூக்கும் கொம்பைப் பிடித்திருந்தவர் செல்லத்துரை! கந்தப்பரின் திருவிழாவில் அவர் தோள் கொடுத்ததை அதற்கு முன்னும் பின்னும் எவரும் கண்டதில்லை. “இன்னொண்டு வாசியுங்கோ அண்ணை” என்றார், கந்தப்பர் பக்கம் திரும்பாமலே. ஒரு வீதியைக் கடக்க ஒரு மணித்தியாலம் பிடித்தது. பூசை செய்யும் ஐயர் மட்டும் வாசலில் கற்பூரத் தட்டோடு நின்று கால் நோகுதென்று கத்திக்கொண்டிருந்தார்.

எவ்வளவுதான் இழுத்தாலும் பிள்ளையார் உள்ளே போகத்தானே வேண்டும். போனார். சுந்தரம் நாயனத்தைத் துடைத்து, உறையிலிட்டு, தானே ராசையாவிடம் நடந்து வந்தார். கூட்டத்தில் பலர் என்னைப் பார்த்தார்கள். நான் செல்லத்துரையைப் பார்த்தேன். செல்லத்துரை கந்தப்பரின் வீட்டு வேலைக்காரனைப் பார்த்தார். பெட்டிசம் போட்டது யாரென்று ராசையாவிடமே கேட்டுவிட்டேன்.

“ஒருத்தரும் போடேல்லை. உங்கடை பேப்பரிலைதான் பார்த்தனான், கொட்டை எழுத்திலை கிடந்தது.”

சாட்சி

நீதிமன்றில் கந்தப்பர் கோட்டுப் போட்டுக்கொண்டு வந்தார். கூட்டத்தில் அவரே கேட்ட தண்டனை ஒன்று இருந்ததல்லவா, மறைத்து வைத்தவனுக்கும் மறியல் என்று. அது நினைவில் இருந்திருக்க வேண்டும். இந்த ஆள் இந்தியர் என்று தெரிந்துதான் வீட்டில் வைத்திருந்தீரா என்று கேட்டார்கள். விளம்பரத்தையும் காட்டினார்கள். கூண்டிலிருந்து சுந்தரம் அவரையே பார்த்துக்கொண்டு நின்றார். கந்தப்பர் கூண்டுப் பக்கம் திரும்பவில்லை.

“இந்தியா எண்டது சும்மா விளம்பரத்துக்குப் போட்டதுங்கோ. ஆள் சாவகச்சேரிப் பக்கமெண்டுதான் நினைச்சனான்.”

மூன்றாம் வகுப்பு

ஒரு மாத மறியல், பிறகு நாடு கடத்தல். பெயரைப் பதிந்துகொண்டார்கள். சுந்தரத்தைத் தலைமன்னாருக்கு அனுப்பிய அன்று யாழ்ப்பாணம் ஸ்டேசனுக்குப் போனேன். இரண்டு பொலிஸ்காரருக்கு நடுவே, உறையிட்ட நாயனத்தை நெஞ்சோடு அணைத்தபடி மூன்றாம் வகுப்பில் இருந்தார். செல்லத்துரை கொடுத்தனுப்பிய கதலிச் சீப்பை நீட்டினேன். வாங்கிக்கொண்டார். இப்போது என்னைக் கண்டு அவர் அன்றுபோல ஒட்டி ஒதுங்கவில்லை. வண்டி அசையும்போது தலையை வெளியே நீட்டினார்.

“பெரியவர்கிட்டச் சொல்லுங்க, அடுத்த வருஷம் நோட்டீசுல சாவகச்சேரின்னே போடட்டும், வந்துடறேன்.”

1949 நவம்பர் முதலாம் தேதி இன்னும் கடுமையான புதிய குடிவரவுச் சட்டம் நடைமுறைக்கு வந்தது. அதை வரவேற்றுப் புத்தூரில் நடந்த கூட்டத்துக்குத் தலைமை கந்தப்பர், மேளம் உள்ளூர்.