ஆளில்லாத மாதத்தில் பார்த்த அணை

முப்பது ஆண்டுகளுக்கு மேல் நீர்ப்பாசனப் பொறியியலாளராகக் கடமையாற்றினேன். என் அறிக்கைகளுள் ஒன்றே ஒன்றுதான் திருத்தப்பட்டது. அதைத் திருத்தியவனும் நானே என்பதை முதலிலேயே பதிவு செய்கிறேன்.

1. வகுப்பு

மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே, படுவான்கரையில் ஒரு சிறிய வெள்ளத்தடுப்பு அணை உண்டு. மாரி வெள்ளத்தைச் சில நாட்கள் மறித்து, மெல்ல வாவிக்கு விடுவதே அதன் வேலை. திணைக்களக் கந்தோரில் நாங்கள் ‘ஹசாட் கிளாஸ்’ என்று சொல்லும் அபாய வகுப்பு, அணையின் பலத்தைக் குறிப்பதன்று. உடைந்தால் கீழே எத்தனை உயிர் போகும் என்பதைக் குறிப்பது. உயர் வகுப்பு அணைக்கே மாரியில் காவலாளும் சைரனும் கிடைக்கும்.

ஆவணியில் சென்று பார்த்தேன். அணைக்கட்டில் கசிவில்லை, கறையான் புற்றில்லை. கீழே வட்டை என்னும் வயல்வெளி காய்ந்து கிடந்தது. வயலன்றி ஒரு வீடுமில்லை. செய்மதிப் படமும் அதையே காட்டிற்று. ‘நிரந்தரக் குடியிருப்பு இல்லை, குறைந்த அபாயம்’ என எழுதி ஒப்பமிட்டேன்.

2. புகை

கார்த்திகையில் மறுபடியும் அணைக்கட்டில் ஏறியபோது, வேறு அணைக்கு வந்துவிட்டோமா என்று சாரதியிடம் கேட்டேன். வட்டை முழுவதும் தற்காலிகக் குடில்களான வாடிகள், அடுப்புப் புகை, கொடியில் குழந்தையின் சட்டை. விதைப்பு முடிந்தால், நிலக்காரருக்காக வயல் பார்க்கும் முல்லைக்காரர் குடும்பத்தோடு வயலிலேயே தங்கி, அறுவடை வரை வேளாண்மை பார்ப்பர். யானைக் காவலும் அவர்களதே. அறுத்ததும் வாடியைக் கழற்றிக்கொண்டு ஊர் போய்விடுவர். இம்மாவட்டத்தில் பிறந்த எனக்கு இது தெரியாததன்று.

வயற்பரப்புக்குப் பொறுப்பான வட்டவிதானையார் அருகில் வந்தார்.

“கீழ ஆளில்லையெண்டு எழுதிக் குடுத்தீங்களாமே சேர். அப்ப இந்தச் சோறாக்கிற ஆக்களெல்லாம் பேயா?”

நிரந்தரக் குடியிருப்பின் வரைவிலக்கணத்தை விளக்கினேன். பொறுமையாகக் கேட்டார்.

“ஓம் சேர். வெள்ளமும் நிரந்தரமா நிக்கிறதில்லத்தானே.”

வகுப்பை உயர்த்துவதாகச் சொன்னேன். மகிழ்வார் என்று நினைத்தேன், பதறிவிட்டார்.

“உயர் அபாயமெண்டு போட்டா கட்டு பழுதெண்டு சனம் நினைக்கும். மறுகா ஒரு முல்லைக்காரனும் வரமாட்டான். வேளாண்மைய யானைக்கா விடுற?”

கட்டு நல்லது, அபாயம்தான் பெரிது என்று மூன்று முறை சொன்னேன். மூன்றாம் முறை எனக்கே குழம்பிவிட்டது.

3. காரணம்

கிராம சேவகரின் பட்டியலில் அவர்கள் யாவரும் வேறு ஊர்வாசிகள் என்றார் மேலதிகாரி.

“ஐசே, உங்கட சைனை நீங்களே வெட்டப்போறீங்களா? மாசியில ஆக்கள் போனா மறுகா குறைப்பீங்களா?”

இருந்தும் திருத்தப் படிவத்தை எடுத்தேன். வகுப்பு பருவத்தோடு மாறலாமா என்பது இன்றும் எனக்குத் தெளிவில்லை.

திருத்தப் படிவத்தில் ‘காரணம்’ என்ற இடத்தில் ‘புதிய தகவல்’ என்று எழுதினேன். அது பொய். வெட்டிவிட்டு, ‘ஆய்வாளர் ஆளில்லாத மாதத்தில் சென்றார்’ என எழுதி, முழுப்பெயரையும் இட்டேன்.

மார்கழியில் சைரன் பூட்டப்பட்டது. அது எதற்கென்று சனத்துக்குச் சொன்னீர்களா என வட்டவிதானையாரிடம் கேட்டேன்.

“யானை வெருட்டவெண்டு சொல்லியிரிக்கன் சேர். அப்பதான் பயப்படாம இரிப்பாங்க.”

வெள்ளத்துக்கு அது ஊதும்போது, ஓடவேண்டியவர்கள் யானைக்கென்று நினைத்துப் படுத்துக்கிடப்பார்கள் என்று உணர்ந்ததும் சப்பாத்தைக் கழற்றினேன். மாலைவரை வரம்பால் நடந்து, வாடி வாடியாக ஏறி, சைரன் கேட்டால் எந்த மேட்டுக்கு ஓடவேண்டும் என்று நானே காட்டினேன்.

இத்தொழிலுக்கு வருவோர் வகுப்பை எழுதுமுன் மாரியில் ஒரு தடவை கீழே இறங்கி நடக்கவேண்டும். நான் எழுதிய பிறகு நடந்தேன்.