பத்து ஸ்பூன் சூப்

பள்ளி வேன் ஓட்டுகிற அவருக்குச் சினிமா என்றால் ஒருவன் ஓட வேண்டும், இன்னொருவன் துரத்த வேண்டும். கல்லூரியில் சினிமாவைப் பாடமாக எடுக்கும் மகனுக்கோ, ஒருவன் ஜன்னல் வழியே அரை மணி நேரம் வெளியே பார்த்தால்தான் அது படம்.

"விருது வாங்கினதுப்பா" என்பான்.

"குடுத்தவன் தூக்கக் கலக்கத்துல குடுத்திருப்பான்" என்பார் இவர். மனைவியும் இவர் கட்சிதான்.

அவளுக்குப் பக்கவாதம் வந்து நாலு மாதம். பேச்சு போயிற்று. மூக்கில் போட்ட குழாயை இரண்டு தடவை பிடுங்கி எறிந்தாள். மூன்றாவது தடவை கையைக் கட்டிவிட்டுப் போட்டார்கள். அன்று அவள் அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். டாக்டரிடம் கெஞ்சிக் கூத்தாடிக் குழாயை எடுக்க வைத்தார். "ரெண்டு வாரம் பாப்போம். நர்ஸ் எதிர்ல பத்து ஸ்பூன் சூப் முழுங்கணும். இல்லேன்னா மறுபடி குழாய்தான்" என்றார் டாக்டர்.

எவ்வளவு கொஞ்சினாலும் அவள் வாய் திறக்கவில்லை. ஒருநாள் டிவியில் கதாநாயகன் மாடியிலிருந்து விழுந்தபோது மட்டும் 'ஆ'வென்று திறந்தாள். கையிலிருந்த ஸ்பூனைச் சட்டென்று உள்ளே விட்டார். விழுங்கிவிட்டாள். அதிலிருந்து மூன்று வேளைக்கும் மூன்று சண்டை. பென் டிரைவில் இருந்த எந்தப் படத்தில் எத்தனையாவது நிமிடத்தில் அடி விழும் என்பது அவருக்கு அத்துப்படி. மகன் கேலி செய்வான் என்று அவனிடம் மட்டும் மூச்சு விடவில்லை. அங்கேதான் தப்புப் பண்ணினார்.

நர்ஸ் வந்த அன்று டிவியைப் போட்டார். திரையில் ஒரு கிழவன், படுத்திருக்கும் தன் மனைவி பக்கத்தில் நாற்காலியில் உட்கார்ந்திருந்தான். உட்கார்ந்தே இருந்தான்.

"என்னடா இது?"

"பழசையெல்லாம் பென் டிரைவ்லேர்ந்து அழிச்சிட்டேன்ப்பா. அம்மாவுக்கு அந்தச் சத்தம் ஆகாதேன்னு. இது நம்ம கதைப்பா."

"நம்ம கதைய நான் தினம் பாத்துட்டுதானடா இருக்கேன்."

விஷயத்தைச் சொன்னதும் மகன் முகம் வெளிறிப் போனது. போனில் சண்டைக் காட்சி தேடினான். வட்டம் சுற்றிக்கொண்டே இருந்தது. நர்ஸ் கால் மணி நேரம் பொறுத்தாள், பிறகு பையிலிருந்து குழாய்ப் பாக்கெட்டை எடுத்தாள். மனைவியின் கண் அதிலேயே நிலைகுத்தி நின்றது. கட்டில் விளிம்பை ஒரு கையால் பிடித்துக்கொண்டாள்.

"ஒரு நிமிஷம் சிஸ்டர்."

ஸ்பூனை மகன் கையில் திணித்துவிட்டு, அறுபத்துநாலு வயதுக்காரர் பிளாஸ்டிக் நாற்காலி மேல் ஏறினார். காற்றில் நாலு குத்து விட்டார். இல்லாத எதிரியிடம் ஒரு உதை வாங்கினார். அப்படியே தரையில் விழுந்தார். முட்டியில் ஏதோ நொறுங்கியது.

அவள் வாய் திறந்தது. மகன் ஸ்பூனோடு அழுதுகொண்டு நின்றான்.

"ஊட்டுடா" என்றார் கீழே கிடந்தபடி.

"ஒண்ணு" என்றாள் நர்ஸ்.

அவர் கட்டில் காலைப் பிடித்து எழுந்து, மறுபடி நாற்காலியில் ஏறினார்.