கீரன் விடாத கோல்

செவ்வாய்க்கிழமை தேநீர் இடைவேளையில் இங்குள்ள ஐரிஷ்காரர் கழகத்திலிருந்து என் வேலையிடத்துக்குத் தொலைபேசி வந்தது. “உங்கள் பக்கத்து வீட்டுக் கீரன் காலமாகிவிட்டார். தெரியும்தானே, இறுதியாட்டத்தில் கோலை விட்டவர்!” இறந்த மனிதருக்கு இதுதானா அடையாளம்? சீ என்று வைத்துவிட்டேன்.

ஆயிரத்துத் தொளாயிரத்து எழுபதில் நாங்கள் இலங்கையிலிருந்து மெல்பேர்ணில் வந்திறங்கிய நாள் முதல் டெனிஸ் கீரன் அவர்கள் எங்கள் அயலவர். இளவயதில் அயர்லாந்தில் ஹர்லிங் ஆடியவர். மரமட்டையால் சின்னப் பந்தை அடிக்கும் முரட்டு ஆட்டம் அது. பதினெட்டு வயதில் கோல் காக்க நின்றார். தலைக்கவசம் கிடையாது. அந்தக் காலத்தில் எதிரணியினர் கோல் காப்பாளரையே இடித்து விழுத்தலாம். அது குற்றமே இல்லையாம்! மூக்கு இரண்டு தரம் உடைந்தும் ஏழு வருடம் அந்த இடத்தை விட்டு அசையவில்லை.

“நான் பந்தைப் பார்க்க வேண்டும். என்னைப் பார்ப்பது எனக்கு முன்னால் நிற்பவனின் வேலை,” என்பார்.

அந்த இறுதியாட்டத்தில் முன்னால் நிற்க வேண்டியவர் அணித்தலைவர் பிரென்னன். தானே கோல் போட்டுப் பெயரெடுக்கும் ஆசையில் மைதானத்தின் மறுபக்கம் ஓடிவிட்டார். எதிரணியின் இரண்டு தடியர்கள் வந்து கீரனை இடித்து விழுத்தினார்கள். பந்து உள்ளே போனது. தோல்விப் பழி முழுக்கக் கீரன் தலையில். பிரென்னன் மூச்சும் விடவில்லை. பிற்காலத்தில் இருவரும் இங்கே குடியேற, பிரென்னன் இந்தக் கழகத்துக்கே தலைவராகவும் ஆனார். வெட்கம் கெட்ட பிழைப்பு!

“ஏன் நீங்கள் உண்மையைச் சொல்லவில்லை?” என்று, அவர் இதை எனக்குச் சொன்ன நாளில் கேட்டேன்.

“அவனுடைய தாய் ஊரில் தனியே இருந்தாள். நான் வாய் திறந்திருந்தால் அவள் கடைத்தெருவுக்குக்கூடப் போயிருக்க மாட்டாள்.”

“அந்தத் தாய் இறந்த பிறகு?”

“பிறகு யார் நம்புவார்கள்?” என்று சிரித்தார்.

வெள்ளிக்கிழமை அடக்கம் முடிந்து கழக மண்டபத்தில் கூடினோம். பிரென்னன் மதுக் கோப்பையைத் தூக்கி, “ஒரு கோலை விட்டான். ஆனாலும் நாங்கள் மன்னித்துவிட்டோம்!” என்றார். மன்னித்தாராம்! மண்டபமே கைதட்டியது.

வெளியே வந்ததும் என் மனைவி கேட்டாள்: “உங்களுக்கு எல்லாம் தெரியும்தானே? பிறகேனப்பா நீங்களும் கை தட்டினனீங்கள்?”

“எல்லாரும் தட்டேக்க…” என்று இழுத்தேன்.

அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டு காரில் ஏறினாள்.

கீரன் அவர்களே, அந்தக் கோலை நீங்கள் விடவில்லை. மண்டபத்தில் எழும்பிச் சொல்லாததை இங்கே எழுதுகிறேன், அதுவும் பிரென்னனுக்கு வாசிக்கத் தெரியாத தமிழில். என்னை மன்னிக்காதீர்கள், ஐயா. போய் வாருங்கள்.