மூன்று வாரம் வாளைத் தொடாதவன்

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் நாங்கள் நால்வரும் அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரே கம்பெனியில் லேத் மெஷின் ஓட்டினோம். நால்வருக்கும் வீடு ஆவடிப் பக்கம். ஞாயிறு சர்ச் பூசை முடிந்ததும் என் வீட்டு மொட்டை மாடியில் கூடிவிடுவோம். சீட்டாடுகிறோம் என்றே அம்மா கடைசிவரை நம்பினாள்.

ஆடியது வேறு. எங்களில் ஒருவனுடைய அண்ணன் கப்பலில் வேலை பார்த்தவர். ஏதோ துறைமுகத்தின் பழைய புத்தகக் கடையிலிருந்து ஒரு ஆங்கில விதிப்புத்தகம் கொண்டுவந்திருந்தார். ஒருவன் கதை சொல்வான். மற்றவர்கள் அதற்குள் வீரனாகவோ மந்திரவாதியாகவோ திருடனாகவோ இறங்குவார்கள். வெட்டு விழுந்ததா, தப்பியதா என்பதைப் பகடை சொல்லும். இருபது பக்கப் பகடைக்கு ஆவடியில் எங்கே போவது? தம்போலா ஆட்டத்தின் எண் காய்களில் ஒன்றிலிருந்து இருபதுவரை டப்பாவில் போட்டுக் குலுக்கி, ஒன்றை எடுப்போம். கதை சொல்பவன் நான். எனக்கு வாய் நீளம், கோபம் அதைவிட நீளம்.

ஒரு ஞாயிறு கப்பல்காரரின் தம்பி ஆரம்பித்தான். "மாமே, என் வீரன் மந்திரமும் கத்துக்கணும்ன்றான்."

புத்தகத்தில் அதற்கான பக்கங்கள் கிழிந்து போயிருந்தன. ஒருத்தனுக்கு ஒரு தொழில்தான் என்று குதித்தேன். மூவரும் விடவில்லை. வேண்டாவெறுப்பாக எங்கள் நோட்டில் எழுதினேன்: இரண்டாம் தொழில் கற்பவன் மூன்று வாரம் வாளைத் தொடக்கூடாது.

கப்பல்காரரின் தம்பி பேனாவைப் பிடுங்கி, அதன் கீழே எழுதினான்: அதுவரை அவனைச் சாகாமல் காப்பது மற்றவர்கள் பொறுப்பு.

"இன்னாடா இது, வீரனா, தொட்டில் குழந்தையா?" என்று கத்தி, அந்த வரியை அடித்தேன். இரண்டாம் வாரமே அவனுடைய வீரன்மேல் அம்பு பாய்ந்தது. மற்ற இருவரும் குறுக்கே விழுந்து தடுக்கப் பார்த்தார்கள். அடித்த வரி செல்லாது என்று நான் சாகடித்தேன். அவன் புது ஆளை எழுதிக்கொண்டான்.

மறுவருடம் எனக்கு டிப்ளமோ கடைசித் தேர்வு. பார்ட் டைமில் படித்துக்கொண்டிருந்தேன். தேர்வு மூன்று வாரம் நடக்கும், எல்லாம் மத்தியானத்தில். எனக்கோ மத்தியான ஷிப்ட். மெஷின் நிற்கக் கூடாது, பதில் ஆள் நிறுத்திவிட்டுப் போ என்றார் ஃபோர்மேன். யாரிடம் கேட்பது? படிப்புக்கு முழுக்குப் போடுவது என்று முடிவு செய்து வாயை மூடிக்கொண்டேன்.

ஃபோர்மேன் மூலம் அவர்களுக்குத் தெரிந்துவிட்டது. அம்பத்தூர் ஸ்டேஷனில் மூவரும் என்னை மறித்தார்கள்.

"எங்களாண்ட சொன்னா கொறஞ்சா பூடுவ?" என்றான் கப்பல்காரரின் தம்பி. "எங்க காலை ஷிப்ட முட்ச்சிட்டு, ஆளுக்கு ஒரு நாளா உன் மெஷின்ல நிக்கிறோம். மூணு வாரம் நீ வாளத் தொடாத."

"அந்த வரியதான் நான் அட்ச்சிட்டேனேடா" என்றேன்.

"நீ அட்ச்ச மாமே. நாங்க அடிக்கலியே. போய்ப் படி."

படித்தேன். அவர்கள் ஆளுக்கு ஒரு நாளாக முறை வைத்து, காலை ஆறு மணியிலிருந்து இரவு பத்துவரை நின்றார்கள். பாஸானேன். இன்று நான் தின்னும் சோறு அவர்கள் நின்ற நிற்பில் வந்தது. எத்தனை முறை சொன்னாலும் எனக்குத் தீராது.

தேர்வு முடிவு வந்த ஞாயிறு, அம்பு பட்ட அந்த வீரன் சாகவில்லை, மயங்கித்தான் கிடந்தான் என்று அறிவித்தேன்.

"இது எந்த ரூல்ல வருது?" என்று சிரித்தான் கப்பல்காரரின் தம்பி.

நோட்டைத் திறந்து, அடித்த வரிக்குக் கீழே அதையே என் கையால் மறுபடி எழுதி அவனிடம் நீட்டினேன்.